குத்தகை நிலத்தில் உங்கள் பெயர்: பதிவு செய்யும் வழி, ஆகும் செலவு, விழக்கூடிய குழிகள்

தமிழ்நாட்டில் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு கொடுக்கும் ஏற்பாடு) எடுத்துப் பயிர் செய்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு சின்னதல்ல. நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. குத்தகை அளவுக்கு உச்சவரம்பு உண்டு. உரிமையாளர் குத்தகை நெல்லை வாங்க மறுத்தாலும் வழி இருக்கிறது. ஆனால் இதெல்லாம் "நான்தான் சாகுபடி செய்கிறேன்" என்று காகிதத்தில் காட்ட முடிந்தவருக்குத்தான். இருபது வருடம் உழுதவர் தோற்பதும் மூன்று வருடம் உழுதவர் ஜெயிப்பதும் அந்த ஒரு இடத்தில்தான்.

முதல்முறையாகக் குத்தகைக்கு எடுப்பவர்களுக்கும், அப்பா காலத்திலிருந்து வாய்மொழியாகவே ஓடிக்கொண்டிருக்கும் குத்தகையைப் பதிவுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கும் இது. மூன்று சட்டங்களின் பெயர் மட்டும் நினைவில் இருக்கட்டும்: 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். மனுவில் எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது எந்த மேசைக்குப் போகும் என்பது முடிவாகும்.

1. நீங்கள் சட்டப்படி குத்தகைதாரரா என்று பாருங்கள்

1955 சட்டம் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, வெளிப்படையாகவோ நடைமுறையிலோ ஒரு குத்தகை உடன்பாடு இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு, நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ அந்த நிலத்தில் உடலுழைப்பைப் போட வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வைப்பதால் உரிமை போய்விடாது. ஆனால் நிலத்தை எடுத்து அப்படியே இன்னொருவருக்கு மேல்குத்தகைக்கு விட்டுவிட்டு இடையில் வரும் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்பவர் வெறும் இடைத்தரகர். அவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

குத்தகை வழக்குகளில் உரிமையாளர் தரப்பிலிருந்து வழக்கமாக வரும் முதல் வாதம் "அவர் குத்தகைக்காரர் இல்லை, என்னிடம் கூலிக்கு வேலை செய்தவர்" என்பது. விசாரிக்கும் அதிகாரி இதை எடைபோடும்போது பார்ப்பது: விதை, உரம் யார் காசு? என்ன பயிர் வைப்பது என்று முடிவெடுத்தது யார்? மழையில் பயிர் போனால் நஷ்டம் யாருக்கு? அறுவடையில் உங்களுக்கு வந்தது நாள்கூலியா, விளைச்சலில் பங்கா? வாரத்துக்குப் பயிர் செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உரிமையாளர் விதையும் உரமும் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடாக இருந்தால், உங்கள் பங்குச் செலவுக்கான ரசீதுகள் உங்கள் பெயரில் இருப்பது கட்டாயம்.

2. நிலம் யாருடையது என்று சரிபாருங்கள்

பட்டா, சிட்டாவை அரசின் இணையப் பக்கத்தில் சர்வே எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். உங்களிடம் குத்தகை பேசுபவரின் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா? கூட்டுப் பட்டாவா? பட்டாதாரர் உயிரோடு இருக்கிறாரா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இறந்தவர் பெயரிலேயே பட்டா கிடக்க, ஒரு மகன் மட்டும் குத்தகை வாங்கிக்கொண்டிருப்பார். நாளை மற்ற வாரிசுகள் "நாங்கள் விடவில்லையே" என்பார்கள்.

கோயில் நிலமாக இருந்தால் உரிமையாளர் கோயில். குத்தகை கோயில் நிர்வாகத்தின் பெயரில் ரசீதாக வர வேண்டும். ஏற்கெனவே குத்தகை வைத்திருப்பவரிடமிருந்து "உள்குத்தகைக்கு" எடுத்தால், முன்பணம் கொடுத்தும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அங்கே இல்லாதவர். காவிரிப் படுகையில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. ஆனாலும் வேண்டாம்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சு மாவிலும் குழியிலும் நடக்கும். அரசுப் பதிவு ஹெக்டேர், ஏரில் இருக்கும். மூன்று மா சுமார் ஒரு ஏக்கர். ஒரு ஏக்கர் 40.47 ஏர். ஒப்பந்தத்திலும் மனுவிலும் ஏர் கணக்கையே எழுதுங்கள்.

3. ஒப்பந்தம்: மூன்று பிரதி

1955 சட்டப்படி குத்தகை ஒப்பந்தம் மூன்று பிரதிகளாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. பலரும் விட்டுவிடுவது அந்த மூன்றாவதைத்தான். கையெழுத்தான கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் உட்பிரிவோடு, பரப்பு, நான்கு எல்லை, குத்தகை நெல்லா பணமா, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். "அறுவடை முடிந்ததும்" என்று எழுதாதீர்கள், தேதி போடுங்கள். பாக்கி எப்போது விழுந்தது என்ற கணக்கே பின்னால் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

"11 மாதத்துக்கு மட்டும், முடிந்ததும் காலி செய்வேன்" என்று எழுதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று பயப்பட வேண்டாம். காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்பவர் குத்தகைதாரர்தான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. பயப்பட வேண்டியது வெற்று முத்திரைத்தாளுக்கு. எழுதாத தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பாடு "குத்தகையை மனமுவந்து விட்டுக்கொடுத்தேன்" என்று நிரப்பிக்கொள்வார்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம்.

உரிமையாளர் எழுதித்தர மறுத்தால்? பெரும்பாலும் மறுப்பார். அதற்காக நிலத்தை விட வேண்டியதில்லை. அடுத்த படியின் சான்றுகள் அந்த இடத்தை நிரப்பும், ஆனால் முதல் போகத்திலிருந்தே சேர்க்கத் தொடங்க வேண்டும்.

4. போகத்துக்குப் போகம் சேர்க்க வேண்டிய தாள்கள்

இருப்பதிலேயே கனமானது அடங்கல். அந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) அந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதும் பதிவு அது. பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும்; 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. வி.ஏ.ஓ. வயலுக்கு வரும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எழுதினாரா என்று அடங்கல் நகல் வாங்கிப் பாருங்கள். பயிர் நிற்கும்போது வாங்கும் நகலுக்கு இருக்கும் மதிப்பு, மூன்று வருடம் கழித்து "அப்போது நான்தான்" என்று கேட்டு வாங்கும் சான்றுக்கு இல்லை.

பட்டாதாரர் பெயரையே சாகுபடிதாரராகவும் எழுதிவிடுவது பல ஊர்களில் பழக்கம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, எழுதுவது எளிது என்பதால்தான். இதற்கு வாய்மொழியாகச் சண்டை போட்டுப் பயனில்லை. எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் அத்தனையும் அன்று மேசைக்கு வரும். அடங்கல் திருத்தம் கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை.

அடங்கலுக்குத் துணையாக:

- கூட்டுறவுச் சங்கத்திலோ தனியார் கடையிலோ உரம், விதை வாங்கிய ரசீது. உங்கள் பெயரும் கிராமமும் இருக்கட்டும்.
- உழவு, அறுவடை இயந்திர வாடகையை முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுத்த பதிவு.
- குத்தகை கொடுத்த ரசீது, அல்லது வங்கியில் போட்ட பதிவு.
- நெல் விற்ற ரசீது, பயிர்க் காப்பீட்டு ஒப்புகை.

எல்லாவற்றையும் பசலி வாரியாகப் பிரித்து வையுங்கள். ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் விசாரணையில் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள்.

5. குத்தகை எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

நியாயக் குத்தகை என்பது சாதாரண மொத்த விளைச்சலில் 25 சதவீதம், அல்லது அதன் பண மதிப்பு. சாகுபடிச் செலவு உங்களுடையது. நிலத்துக்கான அரசு வரிகள் உரிமையாளருடையது. ஒரு வயலில் சாதாரணமாக 40 மூட்டை விளையும் என்றால் 10 மூட்டை. பேசியது 14 மூட்டை என்றால் அதிகம்தான்.

ஆனால் அதிகம் என்று தெரிந்ததும் நீங்களாகவே 10 மூட்டை அளந்துவிட்டு வராதீர்கள். மீதி பாக்கியாகக் காட்டப்படும். பாக்கிதான் வெளியேற்றுவதற்கான முதல் காரணம். சரியான வழி, 1956 சட்டப்படி குத்தகை நீதிமன்றத்தில் நியாயக் குத்தகை நிர்ணயம் கேட்டு மனுப் போடுவது. சாதாரண விளைச்சலை நிரூபிக்கப் பக்கத்து வயல்களின் விளைச்சல் விவரத்தையும் கொண்டுபோக வேண்டும். நிர்ணயித்த குத்தகை 5 வருடம் நிற்கும். புயல், வெள்ளம், வறட்சியில் பயிர் போனால் தள்ளுபடி கேட்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. சேதத்தின்போது வயலில் நின்று எடுத்த புகைப்படமும் வி.ஏ.ஓ.வின் சேத அறிக்கை நகலும் அப்போது கைகொடுக்கும்.

ரசீது தராத உரிமையாளருக்குக் குத்தகையை வங்கிக் கணக்கில் போடுங்கள். குறிப்பில் "சம்பா குத்தகை", சர்வே எண் என்று எழுதுங்கள். நெல்லாகவே அளக்க வேண்டும் என்றால் இரண்டு சாட்சிகள் முன்னால் அளந்து, அன்றே ஒரு கடிதம் எழுதி ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

சில உரிமையாளர்கள் வேண்டுமென்றே வாங்க மறுப்பார்கள். நல்ல மனதால் அல்ல. ஒரு வருடம் பாக்கி விழட்டும் என்றுதான். "அவர்தான் வாங்கவில்லையே" என்று சும்மா இருந்துவிடுவது பெரிய குழி. குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், 1955 சட்டத்தின் 3(3) பிரிவின்படி வருவாய் நீதிமன்றத்தில் உரிமையாளர் கணக்கில் வைப்பாகச் செலுத்திவிடலாம். நெல் குத்தகை என்றால் செலுத்தும் நாளின் சந்தை மதிப்பு. சலானைப் பத்திரப்படுத்துங்கள்.

6. பதிவேட்டில் பெயர் ஏற்றும் மனு

மொத்த வேலையின் மையம் இதுதான். 1969 சட்டப்படி கிராமவாரியாகக் குத்தகை உரிமைப் பதிவேடு உண்டு. அதில் உள்ள பதிவு, தவறென்று நிரூபிக்கப்படும் வரை உண்மை என்றே கொள்ளப்படும். பெயர் ஏறிவிட்டால் நிரூபிக்கும் சுமை எதிர்த் தரப்புக்குப் போய்விடும்.

முதலில் பதிவேட்டில் ஏற்கெனவே உங்கள் அப்பா அல்லது தாத்தா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பழைய பெயர் இருந்தால் உங்களுக்கு வேண்டியது புதிய பதிவல்ல, மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், நீங்கள் நேரடியாக உழைத்துப் பயிர் செய்வதற்கான சான்று போதும். பழைய பெயர் இருப்பது தெரியாமல் புதுப் பதிவு கேட்டு மனுப் போட்டால், "ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறார்" என்று தள்ளுபடியாகும். அந்த வேறொருவர் உங்கள் தாத்தாவாக இருப்பார்.

புதிய பதிவு என்றால் மனு பதிவு அலுவலருக்கு, அதாவது வட்டாட்சியருக்கு. குத்தகை வழக்குகளுக்கென்றே தனி வட்டாட்சியர் உள்ள இடங்களில் அவருக்கு. மனுவில் உரிமையாளர் பெயர் முகவரி, நில விவரம், எந்தப் பசலியிலிருந்து சாகுபடி, என்ன குத்தகை, எப்படிச் செலுத்துகிறீர்கள் என்பது இருக்க வேண்டும். இணைப்பாக ஆதார், குடும்ப அட்டை, அடங்கல் நகல்கள், ரசீதுகள். நகல்களை இணைத்து அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்; விசாரணையன்று அசலைக் காட்டினால் போதும்.

பிறகு உரிமையாளருக்கு அறிவிப்பு, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அறிக்கை, இரு தரப்பு விசாரணை, உத்தரவு. எதிர்த் தரப்பு சும்மா இருந்தால் சில மாதம். எதிர்த்தால் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எண்ணத்தோடே இறங்குங்கள்.

மனு எங்கே இடறுகிறது? பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, உட்பிரிவு: நீங்கள் 45/2 என்று எழுதியிருப்பீர்கள், பாகப்பிரிவினைக்குப் பிறகு அது 45/2அ, 45/2ஆ ஆகியிருக்கும். மனு எழுதும் வாரத்தில் எடுத்த சிட்டாவை வைத்து எழுதுங்கள். இரண்டு, எதிர்மனுதாரர்: இறந்துபோன பட்டாதாரரின் பெயரிலோ கூட்டுப் பட்டாவில் ஒருவரை மட்டுமோ சேர்த்தால், "எங்களைக் கேட்கவில்லை" என்று மேல்முறையீட்டில் உத்தரவு ரத்தாகி மறுபடி விசாரணைக்கு வரும். அத்தனை வாரிசுகளையும் சேருங்கள், வெளியூரில் இருப்பவர் உட்பட. மூன்று, சாட்சி: சொந்தக்காரர் நால்வரைக் கூட்டிப் போவதைவிட எல்லை நிலத்துக்காரர் ஒருவர் வந்து சொல்வது மேல். அவருக்கு நான்கு எல்லையும், எந்தப் பக்கம் வாய்க்கால், எந்த மடையிலிருந்து தண்ணீர் என்பதும் தெரிந்திருக்கும்.

உத்தரவு பாதகமாக வந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட ஆட்சியரிடம் சீராய்வு. காலக்கெடு உத்தரவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும் என்பதால், உறையின் மேல் உள்ள அஞ்சல் முத்திரையைக் கிழித்துப் போடாதீர்கள்.

இதில் அதிகாரபூர்வச் செலவு நகல் கட்டணமும் மனு வில்லைகளும்தான். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள். "பெயர் ஏற்றித் தருகிறேன்" என்று ஏக்கருக்கு இவ்வளவு எனப் பேசும் தரகர் எந்த விசாரணைக்கும் வந்து நிற்க மாட்டார்.

7. வெளியேறச் சொன்னால்

உரிமையாளர் நேரடியாக வெளியேற்ற முடியாது. கோட்டாட்சியரிடம், வருவாய் நீதிமன்றம் உள்ள மாவட்டங்களில் அங்கே, மனுப் போட்டு உத்தரவு பெற வேண்டும். காரணங்களும் குறிப்பிட்டவை: குத்தகைப் பாக்கி, நிலத்துக்கோ பயிருக்கோ கெடுதல் செய்தல், விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துதல், உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தல். கடைசியைக் கவனியுங்கள். கோபத்தில் "இது உன் நிலமே இல்லை" என்று பதில் மனுவில் எழுதிவிட்டால், அதையே காரணமாக்குவார்கள். சொந்தச் சாகுபடிக்கு நிலம் வேண்டும் என்று கேட்கவும் உரிமையாளருக்கு வழி உண்டு. அதற்கும் நிபந்தனைகளும் உத்தரவும் வேண்டும்.

பாக்கி வழக்கு வந்தால் அவகாசம் கேட்கலாம். சூழ்நிலையைப் பார்த்து, பாக்கியைக் கட்டக் கெடு கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. கொடுத்த கெடுவைத் தவறவிட்டால் வெளியேற்றம்தான். உத்தரவில் பிழை இருந்தால் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு.

டிராக்டரை விட்டு உழுதோ வேலி போட்டோ அடாவடியாக வெளியேற்றிவிட்டால், இரண்டு மாதத்துக்குள் நிலத்தைத் திரும்பக் கேட்டு கோட்டாட்சியரிடம் மனுப் போட வேண்டும். பஞ்சாயத்துப் பேசுகிறோம், அறுப்பு முடியட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நாளைத் தள்ளுவார்கள். பேசட்டும், மனு தனியாகப் போகட்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று வாங்குங்கள், ஆனால் நிலத்தை மீட்டுத் தருவது அவர்கள் வேலையல்ல.

உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை வழக்குப் போடுவதும் உண்டு. 1955 சட்டத்தின்படி வருவாய் அதிகாரி முடிவு செய்ய வேண்டியதில் உரிமையியல் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது உண்மை. அதற்காக அழைப்பாணையைக் கிடப்பில் போட்டுவிட்டு இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். ஆஜராகி, நான் பயிரிடும் குத்தகைதாரர் என்று காட்டி, வழக்கை வருவாய்த் தரப்புக்கு மாற்றக் கேளுங்கள்.

8. கடன், காப்பீடு, கொள்முதல்

பி.எம். கிசான் 6,000 ரூபாய் சொந்த நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். குத்தகை நிலத்தைக் காட்டிப் பதியச் சொல்லும் கணினி மையத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கிசான் கடன் அட்டைக்கு வாய்மொழிக் குத்தகைதாரரும் வாரதாரரும் தகுதியானவர்களே. ஜாமீன் இல்லாத வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய். வங்கி தனியாகத் தரத் தயங்கினால், 4 முதல் 10 பேர் சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கேளுங்கள்.

பயிர்க் காப்பீட்டுக்கும் தகுதி உண்டு. சம்பா நெல்லுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்; 36,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 540. வேண்டியவை அடங்கல் அல்லது வி.ஏ.ஓ. சாகுபடிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில். அந்த வாரத்தில் சர்வர் படுத்துவிடும், அக்டோபரிலேயே முடியுங்கள். ஆலங்கட்டி போன்ற உள்ளூர்ச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் "உரிமையாளர் பெயரிலேயே போட்டுவிடலாம், பணத்தை அவர் கொடுத்துவிடுவார்" என்பார்கள். பணம் வந்துவிடலாம், சான்று போய்விடும். அந்த ரசீதை உரிமையாளர் தரப்பு நாளை "பாருங்கள், நான்தான் சாகுபடி" என்று நீட்டும். காப்பீடும் வெள்ள நிவாரணமும் அப்படியே. சாகுபடிச் சான்றோடு உங்கள் பெயரில், உங்கள் கணக்குக்கு.

உழவர் பாதுகாப்புத் திட்ட உறுப்பினர் அட்டை குத்தகைதாரர்களுக்கும் விவசாயக் கூலித் தொழிலாளர்களுக்கும் உண்டு. வயது 18 முதல் 65 வரை. விபத்து, கல்வி, திருமண உதவிகள் அதன் வழியாகத்தான் வரும். வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். உங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்களிடமும் அட்டை இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் மனுவை ஒரே நாளில் சேர்த்துக் கொடுங்கள். ஒருவராகப் போனால் "அடுத்த வாரம் வா" என்பவர் பத்துப் பேராகப் போனால் மனுவை வாங்கிக்கொள்வார்.